பிள்ளைகளுக்குக் காப்பி எப்போது? வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்விகள்

ஸ்கூல் வாசல், அபார்ட்மென்ட் வாட்ஸப் குழு, குழந்தை டாக்டரின் கிளினிக் பெஞ்சு என்று சென்னையில் எங்கே நாலு பெற்றோர் சேர்ந்தாலும் காப்பியைப் பற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் போட்ட கணக்கை வைத்துத்தான் பேசுகின்றன, முக்கியமாக 3-வது கேள்வியின் கணக்கை.

1. சுத்தி வளைக்காம சொல்லுங்க, எந்த வயசுல காப்பி குடுக்கலாம்?

5 வயது வரை வேண்டாம். 5 முதல் 12 வரை பழக்கமாக வேண்டாம். கல்யாண வீட்டிலோ தீபாவளி காலையிலோ இரண்டு வாய் குடித்துவிட்டால் பதற ஒன்றுமில்லை. 13 வயதுக்கு மேல் காலையில் ஒரே ஒரு டம்ளர், லைட்டாக. 16-க்கு மேல் வீட்டில் எல்லோரும் குடிக்கிற மாதிரி ஒன்று, வேண்டுமானால் சாயங்காலம் 4 மணிக்குள் லைட்டாக இன்னொன்று.

இது சட்டம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பிள்ளைகளுக்குக் கேஃபீனே வேண்டாம் என்ற பக்கம் நிற்கிறது. கனடா சுகாதாரத் துறையோ 4 வயதிலிருந்தே ஓர் உச்ச வரம்பு போட்டு, அதற்குள் இருந்தால் சரி என்கிறது. காலை 5 மணிக்கே பில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும் வீட்டுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒத்துவரக்கூடிய கோடு மேலே சொன்னது.

வயதோடு இன்னொன்றையும் பாருங்கள்: பிள்ளை போதுமான அளவு தூங்குகிறதா? 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். அது கிடைக்காத பிள்ளைக்கு 17 வயதானாலும் காப்பியைத் தள்ளிப்போடுவதே சரி. ருசிக்காகக் குடிக்கிற காப்பி ஒரு டம்ளரோடு நிற்கும். தூக்கத்தை ஈடுகட்டக் குடிக்கிற காப்பி ஒன்றோடு நிற்காது.

2. முக்கால் டம்ளர் பால்தானே? அதுல அப்படி என்ன இருக்கு?

கேஃபீன் இருக்கிறது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது போய் ஒட்டும்போதுதான் கண் சொக்குகிறது. கேஃபீன் அது ஒட்டவேண்டிய இடத்தில் முதலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு போவதில்லை, களைப்பு தெரியாமல் இருக்கிறது.

பெரியவர்களுக்கு இதனால் பெரிய கஷ்டம் வருவதில்லை. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 60 கிலோ அப்பாவின் டம்ளரைக் கொடுத்தால், கிலோவுக்குக் கணக்குப் போட்டால் அது மூன்று டம்ளர். கை நடுக்கம், படபடப்பு, வயிற்றெரிச்சல், காரணமில்லாத சிடுசிடுப்பு, ராத்திரி 11 மணிக்கும் கொட்டக் கொட்ட முழிப்பு எல்லாம் இதிலிருந்து வருவதுதான். பால் அதிகமாக ஊற்றினால் கேஃபீன் முறிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. பால் அளவைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். ஊற்றிய டிகாக்‌ஷனில் இருந்த கேஃபீன் முழுக்க டம்ளருக்குள்தான் இருக்கிறது.

3. எங்க வீட்டு டம்ளர்ல எவ்வளவு கேஃபீன் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

துல்லியமாகத் தெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். வீட்டுக்குப் போதுமான கணக்கு இது. அரபிகா கொட்டையில் எடையில் சுமார் 1.2 சதவீதம் கேஃபீன், ரோபஸ்டாவில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, 2.2 சதவீதம். சிக்கரியில் கேஃபீனே கிடையாது. காப்பி 80, சிக்கரி 20 என்று கலந்த 80:20 பொடி 20 கிராம் (தலை வழித்த மேசைக்கரண்டியில் சுமார் 4) எடுத்தால் அதில் காப்பி 16 கிராம். அரபிகாவும் ரோபஸ்டாவும் சரிபாதி என்று வைத்தால் 16 கிராமில் சுமார் 270 மி.கி. கேஃபீன்.

அதில் 150 மி.லி. கொதிநீர் ஊற்றினால் பொடியே 40 மி.லி. தண்ணீரைக் குடித்துவிடும், கீழே இறங்குவது 110 மி.லி. ஐந்தில் நாலு பங்கு கேஃபீன் இந்த முதல் டிகாக்‌ஷனிலேயே வந்துவிடும் என்று கொண்டால் 215 மி.கி. ஆக, மி.லி.க்கு 2 மி.கி. 30 மி.லி. டிகாக்‌ஷன் விட்ட டம்ளரில் 60 மி.கி., 15 மி.லி. விட்டால் 30 மி.கி., ஒரு டீஸ்பூனில் (5 மி.லி.) 10 மி.கி. பொடி 60:40 ஆக இருந்தால் மி.லி.க்கு 1.5 மி.கி. என்று எடுத்துக்கொள்ளலாம். அளக்கத் தனிக் கருவி வேண்டாம். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் 5, 10, 15 மி.லி. கோடு போட்ட பிளாஸ்டிக் மூடி போதும்.

கணக்கு தப்பும் இடங்கள் மூன்று. ஒன்று, ‘ஸ்ட்ராங்கா’ வேண்டும் என்று கேட்டதும் கடைக்காரர் ரோபஸ்டாவைக் கூட்டியிருப்பார். என்ன விகிதம் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு, பொடி கூடுதலாகவும் தண்ணீர் குறைச்சலாகவும் போட்டு ராத்திரியே இறக்கி வைத்த கெட்டி டிகாக்‌ஷன், மி.லி.க்கு 3 மி.கி.யைக்கூடத் தொடும். மூன்று, கண்ணளவு. அவசரத்தில் ‘கொஞ்சம்’ என்று சாய்த்து ஊற்றுவது 15 மி.லி.யா 35 மி.லி.யா என்பது ஊற்றியவருக்கே தெரியாது. ஒரு நாள் அளந்து பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் ஆச்சரியப்படுவார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 150 மி.லி. கோப்பைக் காப்பியில் 80 முதல் 120 மி.கி., இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65 மி.கி., டீயில் 30 முதல் 65 மி.கி. கேஃபீன் இருப்பதாகச் சொல்கிறது. பால் தூக்கலாகப் போடும் நம்ம ஊர் டம்ளர் இந்தக் காப்பிக் கணக்குக்குக் கீழேதான் வரும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு டம்ளரோடு நம்ம ஊரில் யார் நிறுத்துகிறார்கள்?

4. சரி, என் பையனுக்கு அதிகபட்சம் எவ்வளவு?

கனடாக்காரர்கள் கணக்குப்படி ஒரு நாளைக்கு 4 முதல் 6 வயது வரை 45 மி.கி., 7 முதல் 9 வரை 62.5, 10 முதல் 12 வரை 85. அதற்கு மேல் உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 3 மி.கி. வரை கவலையில்லை என்றது. குறைவானதையே பிடித்துக்கொள்வோம். 40 கிலோ எடையுள்ள எட்டாவது படிக்கிற பையனுக்கு 100 மி.கி., 50 கிலோ பெண்ணுக்கு 125.

இது இலக்கு இல்லை, கூரை. அந்தக் கூரைக்குள் டீ, கோலா, சாக்லேட் எல்லாமே அடங்கவேண்டும். 330 மி.லி. கோலாவில் 30 மி.கி.க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். காலையில் காப்பி 60, ஸ்கூல் விட்டு வந்து டீ 40, ராத்திரி பிரியாணியோடு கோலா 30 என்றால் 130 ஆகிவிட்டது. காப்பி ‘ஒண்ணே ஒண்ணுதான்’.

5. கைக்குழந்தைக்குப் பாட்டி நாக்குல ரெண்டு சொட்டு தடவறாங்க. தப்பா?

இரண்டு சொட்டில் இருக்கும் கேஃபீன் மிகக் கொஞ்சம். ஒரு முறை நடந்துவிட்டது என்று டாக்டரிடம் ஓடவேண்டாம். ஆனால் பழக்கமாக விடக்கூடாது. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்குக் கேஃபீனை உடைக்கும் திறன் இன்னும் வந்திருக்காது. பெரியவர்களுக்கு உள்ளே போனதில் பாதி வெளியேற 5 மணி நேரம் ஆகும் என்றால் பச்சிளங்குழந்தைக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். தினமும் இரண்டு சொட்டு என்றால் நேற்றையதும் முந்தாநாளையதும் உள்ளேயேதான் இருக்கும். (குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சு விட்டு விட்டு வந்தால் ஆஸ்பத்திரியில் கேஃபீனையே மருந்தாகக் கொடுப்பார்கள். அங்கே எடைக்கு அளந்து, இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள்.)

காப்பியோடு சேர்ந்து வருவதையும் பார்க்கவேண்டும். ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கியப் பானமாகக் கொடுக்கக்கூடாது; இரண்டு வயதுக்குள் சர்க்கரையே சேர்க்கக்கூடாது. பாட்டியிடம் கேஃபீனைப் பற்றி வாதாடுவதைவிட ‘டாக்டர் ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரை கூடாதுன்னுட்டார் அம்மா’ என்று சொன்னால் காரியம் நடக்கும்.

6. வெறும் பால் குடிக்கவே மாட்டேங்கறா. ரெண்டு ஸ்பூன் டிகாக்‌ஷன் விட்டா குடிச்சிடறா. விடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. 6 வயதுப் பெண் என்றால் இரண்டு டீஸ்பூன் 20 மி.கி.; 4-வது பதிலில் சொன்ன 45-க்குள்தான் இருக்கிறது. ஆபத்து இல்லை. ஆனால் காலை, மாலை இரண்டு வேளை ஆனால் 40. எட்டு வயதில் ‘கலர் பத்தலை’ என்று கேட்பாள், ஸ்பூன் மூன்றாகும். போகும் திசைதான் பிரச்சினை. சர்க்கரையும் கூடவே ஏறுகிறது. வேளைக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் இரண்டு வேளையில் 18 முதல் 20 கிராம். 1,500 கலோரி சாப்பிடும் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 சதவீத அளவு அந்த 19 கிராமிலேயே முடிந்துவிடுகிறது. பிஸ்கட், ஜாம் எல்லாம் அதற்கு மேல்.

குறைக்கிற வழி இருக்கிறது. காப்பிப் பொடிக் கடையில் சிக்கரி தனியாகக் கிடைக்கும், 50 கிராம் வாங்குங்கள். அதை மட்டும் அரை டீஸ்பூன் எடுத்து 30 மி.லி. கொதிநீரில் ஊறவைத்து வடிகட்டினால் டிகாக்‌ஷன் நிறமும் கசப்பும் வந்துவிடும், கேஃபீன் இருக்காது. முதல் வாரம் ஒரு ஸ்பூன் டிகாக்‌ஷன், ஒரு ஸ்பூன் சிக்கரி நீர். இரண்டாம் வாரம் அரையும் ஒன்றரையும். மூன்றாம் வாரம் சிக்கரி நீர் மட்டும். ஒரே நாளில் மாற்றினால் கண்டுபிடித்துவிடுவாள். குழந்தைகளின் நாக்கு நம்முடையதைவிடக் கூர்மை.

பாலே வேண்டாம் என்றாலும் குடி மூழ்கிவிடாது. தயிர், மோர், ராகிக் கூழ், எள்ளுருண்டை எல்லாவற்றிலும் கால்சியம் உண்டு. 100 கிராம் ராகியில் 340 மி.கி.க்கு மேல் இருக்கிறது. பாலை உள்ளே தள்ளக் காப்பியைச் சாக்காக்க வேண்டியதில்லை.

7. பசங்களுக்கு ரெண்டாவது டிகாக்‌ஷன்ல போட்டுக் குடுத்தா?

நல்ல யோசனை, பல வீடுகளில் தெரியாமலே நடந்துகொண்டிருப்பது. முதல் டிகாக்‌ஷனில் பெரும்பகுதி இறங்கிவிட்ட பிறகு அதே பொடியில் ஊற்றுவதால் இரண்டாவதில் கேஃபீன் மிகவும் குறைவு. ஆனால் நிறம் வரவில்லை என்று மேலே ஒரு ஸ்பூன் புதுப்பொடி தூவினால் கணக்கு கெட்டது. முதல் டிகாக்‌ஷன் முழுக்க இறங்காமல் அடைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கொதிநீர் ஊற்றினாலும் அப்படித்தான். இரண்டாவது என்று நினைத்து முதலாவதையே கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அடைப்பு வருவது பெரும்பாலும் பொடி மிக நைஸாக அரைபட்டிருப்பதாலோ, பில்டருக்குள் வைக்கும் குடையை அழுத்தி வைப்பதாலோ. குடையைப் பொடிமேல் லேசாக வைத்தால் போதும்.

8. சிக்கரி கெடுதல்னு சொல்றாங்களே, பியூர் காப்பிதானே பிள்ளைங்களுக்கு நல்லது?

பிள்ளைகள் விஷயத்தில் நேர்மாறு. சிக்கரி என்பது வறுத்து அரைத்த ஒரு செடியின் வேர். அது கூடக் கூடக் கேஃபீன் குறைகிறது. இந்தியச் சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். ருசியில் பியூர் காப்பி உயர்ந்தது என்பவர்களோடு சண்டை இல்லை. 13 வயதுக்காரருக்கு 60:40 போதும். சிலருக்குச் சிக்கரி வயிற்றை உப்பவைக்கும். அப்படியானால் பியூர் பொடியை அளவு குறைத்துப் போடுங்கள்.

9. காப்பி குடிச்சா கறுத்துடுவே, வளர்த்தி நின்னுடும்னு எங்கம்மா சொல்லுவாங்க. உண்மையா?

கறுப்பதற்கும் காப்பிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குழந்தைகளை விரட்டப் பெரியவர்கள் கண்டுபிடித்த மிரட்டல் அது, அதுவும் நல்ல மிரட்டல் இல்லை. நிறத்தைக் காட்டிப் பயமுறுத்தாமலே ‘இப்ப வேணாம்’ என்று சொல்லலாம்.

உயரம் குறையும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. கேஃபீன் சிறுநீரில் கொஞ்சம் கால்சியத்தை வெளியேற்றுவது உண்மை, ஆனால் ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பால் அதை ஈடுகட்டிவிடும். நம்ம காப்பியில் அதற்கு மேலேயே பால் இருக்கிறது. மறைமுகமான வழி ஒன்று மட்டும் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் பெரும்பங்கு ஆழ்ந்த தூக்கத்தில் சுரக்கிறது. காப்பி தூக்கத்தைக் கெடுத்தால், அல்லது காப்பியால் பசி அடங்கிக் காலை இட்லி இரண்டு ஒன்றானால், கவலைப்பட அதுவே போதுமான காரணம்.

10. பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 9.5. டாக்டர் காப்பியை நிறுத்தச் சொல்றார். காப்பிக்கும் ரத்தத்துக்கும் என்ன?

கீரை, பருப்பு, ராகி, முட்டை இவற்றில் இருக்கும் இரும்புச்சத்தைக் காப்பியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால்கள் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. உடம்பு உறிஞ்சுவது குறைகிறது. டீ இந்த வேலையைக் காப்பியைவிட அதிகமாகச் செய்யும். சைவச் சாப்பாடு சாப்பிடும் வீட்டுப் பெண்ணுக்கு, அதுவும் மாதவிலக்கு தொடங்கிய பிறகு, இது சின்ன விஷயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது.

எப்போது குடிக்கிறோம் என்பது இங்கே எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட முக்கியம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காப்பி இரும்பைத் தடுப்பதில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, கூடவே குடித்த அளவுக்குத் தடுத்ததாக ஆய்வு உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்கிறது. பின்னால் இரண்டு மணி நேரம் விடுவது இன்னும் நல்லது. ஆகவே 6 மணிக்குக் காப்பி, 7.15-க்கு டிபன் என்ற பழைய வழக்கம் சரியானது. இட்லி சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு காப்பி டம்ளரைத் தூக்குவதுதான் தப்பு.

9.5 என்றால் டாக்டர் சொன்னபடி, எண் சரியாகும் வரை நிறுத்திவிடுங்கள். ஸ்கூலில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரையையோ, டாக்டர் எழுதிக் கொடுத்ததையோ காப்பி, டீ, பாலோடு விழுங்கக்கூடாது. தண்ணீர், அல்லது எலுமிச்சைச் சாறு.

11. காப்பிக்குப் பதிலா டீ, பூஸ்ட் மாதிரி ஏதாவது?

டீயில் கேஃபீன் கொஞ்சம் குறைவு, இரும்பைத் தடுப்பது அதிகம். மாற்றுவதால் லாபம் இல்லை. கோகோ சேர்த்த மால்ட் பானங்களில் கேஃபீன் சில மி.கி.தான். அங்கே பார்க்கவேண்டியது சர்க்கரை. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சுக்கு காப்பியில் பெயரைத் தவிரக் காப்பி இல்லை: சுக்கு, மல்லி, கருப்பட்டி. சில கடைகளில் மட்டும் நிறத்துக்காகக் காப்பிப் பொடி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

12. ப்ளஸ் டூ படிக்கறான். ராத்திரி 11 மணிக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்தாத்தான் உக்காந்து படிக்கறான். என்ன பண்ண?

கணக்கைப் பாருங்கள். 11 மணிக்கு 60 மி.கி. உள்ளே போனால், பாதி வெளியேற 5 மணி நேரம். காலை 4 மணிக்கு இன்னும் 30 மி.கி. ஓடிக்கொண்டிருக்கும், அதாவது 15 மி.லி. டிகாக்‌ஷன் விட்ட ஒரு டம்ளர் குடித்த நிலையில் தூங்குகிறான். 1 மணிக்குப் படுத்தால் தூக்கம் வரலாம், ஆனால் ஆழம் இருக்காது. பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், படுக்கைக்கு 6 மணி நேரம் முன்னால் 400 மி.கி. எடுத்தவர்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில்தான். அந்த நேரத்தைக் குறைத்துவிட்டுப் படிக்கும் நேரத்தைக் கூட்டுவதில் என்ன மிச்சம்?

அதற்காக ‘காப்பி கிடையாது, போய்ப் படு’ என்றால் மட்டும் நடக்காது. டியூஷன் முடிந்து எட்டரைக்கு வருகிற பிள்ளைக்குப் பாடம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். செய்யக்கூடியது: 10.30-க்குப் படுக்கை, 5 மணிக்கு எழுப்பி முகம் கழுவியதும் ஒரு டம்ளர் காப்பி. அதே 60 மி.கி. அப்போது உதவி செய்யும். மதியத் தூக்கம் 20 நிமிடம் சேர்த்துக்கொண்டால் ஆறரை மணி நேரம் ஏழை நெருங்கும். 1-வது பதிலில் சொன்ன 8 வராது, தெரியும். ப்ளஸ் டூ வருடத்தில் எந்த வீட்டில் வருகிறது? இருந்தாலும் காப்பியால் அதை இன்னும் குறைக்கவேண்டாம். தட்டுத்தடுமாறிப் பழக்கம் மாறப் பத்து நாள் ஆகும். அதைப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

13. பரீட்சை அன்னிக்குக் காலைல ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுக்கலாமா?

தினமும் குடிக்கிற பிள்ளைக்குத் தினமும் கொடுக்கிற அளவே, அதே நேரத்தில். குடிக்காத பிள்ளைக்கு அன்றைக்குத் தொடங்காதீர்கள். காப்பி ரத்தத்தில் உச்சத்துக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். பழக்கமில்லாதவனுக்கு ஹாலுக்குள் உட்கார்ந்ததும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வயிறு கலக்கும். பயத்தையும் காப்பியையும் பிரித்துப் பார்க்க அவனால் முடியாது. நீட் மாதிரி மதியம் 2 மணிக்குத் தொடங்கும் தேர்வுக்கு 1.30-க்கே கேட் மூடிவிடும். பிறகு 5 மணி வரை நினைத்தபோது எழுந்து போகமுடியாது. காப்பி சிறுநீரையும் கொஞ்சம் முடுக்கும் என்பதை அங்கே உணருவார்கள்.

14. கோல்ட் காப்பியும் எனர்ஜி டிரிங்கும் காப்பி கணக்குல வருமா?

வரும். கஃபேயில் ஒரு ஷாட் எஸ்பிரசோவில் 60 மி.கி.க்குப் பக்கம், பெரிய கிளாஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு ஷாட். எத்தனை ஷாட் என்று கேட்டு ஒன்று போதும் என்று சொல்லலாம். ஐஸ்கிரீமும் சிரப்பும் சேர்ந்தால் அது இனிப்புப் பலகாரம், பானம் இல்லை.

எனர்ஜி டிரிங்க் 18 வயது வரை வேண்டவே வேண்டாம். இந்திய விதிப்படி கேஃபீன் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை இருக்கலாம், 250 மி.லி. பாட்டிலில் 75 வரை. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அதன் லேபிளிலேயே இருக்கும், பொடி எழுத்தில். 75 மி.கி. ஒரு டம்ளர் காப்பிதானே என்று தோன்றும். சூடான காப்பியை ஆற்றி ஆற்றிப் பத்து நிமிடம் குடிக்கிறோம். இதை வெயிலில் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து ஒரே மூச்சில் இரண்டு பாட்டில் குடிப்பார்கள். ஆன்லைனில் விற்கும் கேஃபீன் மாத்திரை, ஜிம் பொடி இன்னும் மோசம். அவற்றில் ஒரு வேளை அளவே 200 மி.கி. இருக்கலாம். குடித்த பிறகு விடாத வாந்தி, நெஞ்சுவலி, தாறுமாறான துடிப்பு, மயக்கம், வலிப்பு என்று எது வந்தாலும் 108.

15. லீவு நாள்ல லேட்டா எழுந்தா தலைவலிங்கறா. கண்ணா இருக்குமோ?

கண்ணையும் பாருங்கள், ஆனால் முதலில் காப்பி நேரத்தைப் பாருங்கள். வழக்கமாக 6 மணிக்குக் குடிக்கிறவள் ஞாயிற்றுக்கிழமை 10 மணி வரை தூங்கினால் இந்தத் தலைவலி வரும். நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல்கூட இழுக்கும். காப்பி கொடுத்ததும் அரை மணியில் சட்டென்று விட்டால் சந்தேகமே இல்லை.

நிறுத்தவேண்டுமென்றால் படிப்படியாக. ஒரு நாளைக்கு 60 மி.லி. டிகாக்‌ஷன் குடிப்பவர் மூன்று நாளுக்கு ஒருமுறை 10 மி.லி. குறைத்தால் 18 நாளில் முடிந்துவிடும். சாயங்கால டம்ளரை முதலில் குறையுங்கள். தலைவலி மாத்திரை வாங்கும்போது உட்பொருளைப் பாருங்கள்; சிலவற்றிலும், சில ஜலதோஷ மாத்திரைகளிலும் கேஃபீன் சேர்ந்திருக்கும்.

16. வேற மாத்திரை சாப்பிடற பசங்க?

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு. காப்பி அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் எடுப்பவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதால் படபடப்பு கூடும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் கேஃபீன் உடம்பில் வழக்கத்தைவிட நெடுநேரம் தங்கும், அதனால் அந்த வாரம் காப்பியை விட்டுவிடலாம். இதயத்துடிப்பில் கோளாறு, வலிப்பு நோய், பதற்ற நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

17. 14 வயசாச்சு, குடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். எப்படி ஆரம்பிக்கறது?

விடுமுறையில் தொடங்குங்கள், ஸ்கூல் திறந்த வாரத்தில் வேண்டாம். முதல் வாரம் 10 மி.லி. டிகாக்‌ஷன், 120 மி.லி. பால், ஒரு டீஸ்பூனுக்கு மேற்படாத சர்க்கரை. காலையில் மட்டும், டிபனுக்கு ஒரு மணி நேரம் முன்னால். இரண்டாம் வாரம் 15 மி.லி. அங்கேயே ஒரு வருடம் நிற்கலாம். வெறும் வயிற்றில் எரிச்சல் என்றால் கூட இரண்டு பிஸ்கட்.

சர்க்கரையை இந்த வயதில் பழக்குவதுதான் வாழ்நாளுக்கும் நிற்கும் என்பதால் டிகாக்‌ஷனைவிட அதில் கண்டிப்பாக இருங்கள். அவளையே போடச் சொல்லுங்கள், அளவு மூடியைக் கையில் கொடுத்து. தான் அளந்து ஊற்றுகிறவளுக்குத் தான் எவ்வளவு குடிக்கிறோம் என்று தெரியும். வாரத்தில் ஒரு நாள் காப்பி இல்லாமல் இருக்கட்டும். அன்றைக்குத் தலைவலித்தால் அளவு ஏறிவிட்டது என்று பொருள்.

18. நாங்களே நாலு வேளை குடிக்கறோம். எங்க மூஞ்சிய பார்த்து எப்படி கேப்பாங்க?

கேட்கமாட்டார்கள். உங்கள் நாலில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் வருகிறதை விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம் அதுதான். தங்கைக்கு 9 வயது, அக்காவுக்கு 16 என்றால் ‘இவளுக்கு மட்டும் ஏன்?’ என்ற பஞ்சாயத்து வரும். தங்கைக்கும் அதே டவரா டம்ளரில் 6-வது பதிலில் சொன்ன சிக்கரிப் பால். பெரும்பாலான குழந்தைகளுக்கு வேண்டியது டம்ளரும் ஆற்றுகிற உரிமையும்தான்.

19. அவன் ராத்திரி காப்பி குடிச்சாலும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறானே?

இருக்கலாம். கேஃபீனை உடைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே மாறுகிறது. ஆனால் காப்பி குடித்தும் உடனே தூங்கிவிடுகிறான் என்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு: அவ்வளவு தூக்கக்கடன் சேர்ந்திருக்கிறது. சோதிக்க வழி: இரண்டு வாரம் மதியம் 2 மணிக்கு மேல் காப்பி இல்லாமல் வைத்துப் பாருங்கள். காலையில் எழுப்ப எத்தனை முறை கத்தவேண்டியிருக்கிறது, ஸ்கூல் வேனில் தூங்குகிறானா, ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நேரம் கூடுதலாகத் தூங்குகிறான் என்று கவனியுங்கள். மூன்றும் மாறாவிட்டால் அவன் உடம்பு அப்படி. மாறினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

20. துறுதுறுன்னு ஒரு இடத்துல நிக்கமாட்டான். காப்பி குடிச்சா கொஞ்சம் அமைதியா உக்காந்து எழுதறான். அப்ப குடுக்கலாம்தானே?

கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு உள்ள பிள்ளைகளுக்கு டாக்டர் கொடுக்கும் சில மருந்துகளும் மூளையைத் தூண்டும் வகைதான் என்பதால் இப்படி ஒரு பேச்சு உலவுகிறது. காப்பியின் பலன் அந்த மருந்துகளோடு ஒப்பிட்டால் பலவீனம். ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. அந்த மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் காப்பியும் சேர்ந்தால் படபடப்பும் தூக்கக்கேடும் கூடும்.

தூக்கம் போதாத சின்னப்பிள்ளைகள் சோர்ந்து படுப்பதில்லை, ஓடியாடித்தான் திரிவார்கள். உள்ளே இருக்கும் தூக்க மந்தத்தைக் காப்பி கொஞ்ச நேரம் போக்குவதால் அமைதியாகத் தெரியலாம். அதனால் முதலில் படுக்கை நேரத்தைச் சரிசெய்து ஒரு மாதம் பாருங்கள். பிறகும் ஸ்கூலிலும் வீட்டிலும் அதே நிலை என்றால் குழந்தை டாக்டரிடமோ எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலோ காட்டுங்கள். காப்பி குடித்தால் அடங்குகிறான் என்பதையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு போனால் அவர்களுக்கு உதவும்.